எண்ணைக் காட்டாத தராசு

தராசு பழுது பார்ப்பது என் தொழில். திண்டுக்கல்லில் காய்கறிக் கமிஷன் கடை, கறிக்கடை, பூ மார்க்கெட், பழைய இரும்புக் கடை என்று எடை போடுகிற இடத்துக்கெல்லாம் என் ஸ்கூட்டர் போகும். கீழே கடை, மேலே வீடு. பழுதுக்கு வந்தவையும், பழுது நீங்கி அரசாங்க முத்திரைக்குக் காத்திருப்பவையுமாகக் கடையில் எப்போதும் பல தராசுகள் நிற்கும். மாடிக்கு வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவில்தான் நடந்து வர வேண்டும். அப்படி வருகிறவர்களில், மூட்டை போடும் பெரிய தராசில் ஒரு தடவை ஏறி நின்று பார்க்காதவர் யாரும் இல்லை. சிலிண்டர் கொண்டு வருகிறவர் சிலிண்டரோடும் ஏறுவார், இறக்கி வைத்துவிட்டும் ஏறுவார். எண்ணைப் பார்த்துவிட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுவார்கள். அந்தச் செருப்பின் எடை தன்னுடையது இல்லை என்று யாரிடம் நிரூபிக்கிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. விடை கிடைத்ததில்லை.

என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். அக்கா வீட்டுக்காரருக்கு ஆத்தூரில் தென்னையும் கொஞ்சம் காய்கறி வெள்ளாமையும் இருக்கின்றன. அங்கிருந்து விடியற்காலைப் பயிற்சிக்கு வர பஸ் கிடையாது. அவள் கபடி ஆடுகிறவள். அணியில் பாடிப் போகிறவள், அதாவது எதிரணிக் கட்டத்துக்குள் தனியாகப் போய் ஆளைத் தொட்டுவிட்டுப் பிடிபடாமல் திரும்ப வேண்டியவள். மாவட்ட அணியில் ஒரு இடம் கிடைக்க வேண்டும், அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் திட்டம். வேறு யோசனையே அவளிடம் இல்லை. எங்களுக்கும் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

அவள் வந்த பிறகுதான் கபடியில் எடை என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது. எங்கள் பக்கத்துத் திருவிழாப் போட்டிகளின் நோட்டீஸில் பரிசுத் தொகைக்கு மேலேயே எடைப் பிரிவைப் போட்டிருப்பார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் ஐம்பத்தைந்து கிலோ. அவள் வயதில் மாவட்டத் தேர்வும் அதே எடையில்தான். காலையில் பந்தலுக்குப் பக்கத்தில் தராசு போட்டு ஒவ்வொருவரையாக ஏற்றுவார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஆட முடியாது. ஆட்டம் பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே காலையில் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் எடை சரியாக இருந்தால் போதும். அதற்கு அப்புறம் என்ன சாப்பிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அணி முழுவதும் என் கடைக்கு வந்துவிடும். என் தராசு சரியாக இருக்கும் என்பது காரணம். கோட்டை மலையைச் சுற்றி மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடிவிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட வருவார்கள். வெயில் கொளுத்துகிற மாதத்தில் மழைக்கோட்டில் ஒரு கூட்டம் வருவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். வாயில் எலுமிச்சைத் துண்டை அடக்கிக்கொண்டு வாசல் சாக்கடையில் துப்பிக்கொண்டே இருப்பார்கள். அக்கா மகள் எனக்கு மருமகள் முறை. அவள் கூப்பிடுவதைப் பார்த்து எல்லோருமே என்னை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“ஏம்மா, துப்புனா எம்புட்டும்மா கொறையும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு சொட்டுன்னாலும் சொட்டுதான மாமா,” என்றாள் அணித்தலைவி. நல்ல உயரம், கணீரென்ற குரல். “எல்லாம் தண்ணிதான். நாளைக்கு வெயிட் போட்டதும் ஒரு பாட்டில உள்ள எறக்கிட்டா வந்துரும்.”

“அப்ப நீங்க கொறைக்கிறது எடையே இல்லையே, தண்ணியத்தான இரவல் குடுத்து வாங்குறீங்க?”

“மாமா, இதையெல்லாம் கோச்சண்ணேன்கிட்ட கேட்டுராதீங்க. எங்கள இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட விடுவாரு.”

எனக்கு அது விந்தையாக இருந்தது. வெங்காய மூட்டையில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை எடுத்து எடையைக் குறைக்கிறவர்களை அப்போதுதான் பார்த்தேன். கோச் என்கிற அந்தத் தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். தன் மோட்டார் சைக்கிளில் இரண்டு இரண்டு பேராக ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் அந்த அணியை உண்டாக்கியவர். அவரும் அப்படித்தான் ஆடி வந்தவர். அதனால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் எல்லோரும் ஏறி இறங்கிய பிறகு கடைசியாக என் மருமகள் ஏறினாள். ஐம்பதுக்குக் கீழே ஒரு எண் வந்தது. இறங்கச் சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அவள் இளைத்திருப்பாள் என்ற நினைப்பே வரவில்லை. தராசு கெட்டுவிட்டது என்றுதான் முடிவு செய்தேன். ஈரத்தோடு இத்தனை பேர் ஏறினால் தட்டுக்கு அடியில் பாரத்தை உணர்கிற லோட் செல்லில் தண்ணீர் இறங்கும். எனக்குப் பழக்கமான பழுதுதான் அது. தட்டைத் தூக்கித் துடைத்தேன். சோதனைக்கு வைத்திருக்கிற இரும்பு எடைகளை அடுக்கினேன். எண் பிசகாமல் நின்றது. அணித்தலைவியை மறுபடி ஏற்றினேன். அவளுக்கு முன்பு வந்த அதே எண் வந்தது.

“தராசுக்குக் காச்சலா மாமா?” என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

என் மருமகளை இன்னொரு தராசில் ஏற்றினேன். அதிலும் அதே எண்.

“லேசான துணி மாமா, அதான்,” என்றாள் அவள்.

அணித்தலைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். “ஏண்டி, ஒனக்குத்தான் இம்புட்டு எடம் கெடக்கே. நீ எதுக்குடி எங்ககூட மழக்கோட்டப் போட்டு ஓடுன? காலைலருந்து தண்ணி வேற குடிக்கல.”

“கம்பெனி குடுத்தேன்,” என்று சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வரை இருக்கலாம் என்று ஆட்டத்தின் விதியே சொல்கிறது. அதற்கும் எவ்வளவோ கீழே போய்விட்ட ஒருத்தி எதற்காக இன்னும் குறைக்கிறாள்? என் தொழிலில் எதற்கும் ஒரு காரணம் இருக்கும். தராசு தவறாகக் காட்டினால் ஒயர், லோட் செல், தளம் சாய்வு, எலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் எங்காவது பிடிபடும். இதில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

மனைவியிடம் கேட்டேன். “அவ சாப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கா,” என்றாள். சொல்லிவிட்டு அவளே திருத்திக்கொண்டாள். “எங்கூட உக்காந்து சாப்பிட்டு நாளாச்சு. நான் பரிமாறி முடிக்கையில தட்டக் கழுவிக்கிட்டு இருப்பா.”

அதன் பிறகு இருவருமே கவனித்தோம். காலையில் பயிற்சி முடித்து நேராகக் கல்லூரிக்குப் போனால், அங்கே தோழி கொண்டுவந்ததைச் சாப்பிட்டதாகச் சொல்வாள். ராத்திரி சோற்றைத் தட்டின் ஓரம் வரை பரப்பி, ரசத்தை நிறைய ஊற்றி, பிசைந்து, பேசிக்கொண்டே இருப்பாள். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை என் தட்டுக்கு மாற்றிவிடுவாள். எனக்கு மிகவும் வியப்பாக இருந்த ஒன்று, அந்த நாட்களில்தான் அவளுக்குச் சமையலில் ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுப்படியைத் தன் அத்தையிடமிருந்து, அதாவது என் மனைவியிடமிருந்து, வாங்கிக்கொண்டு பருப்புப் போளி, கறிக் குழம்பு, பால் பணியாரம் என்று செய்வாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எங்களை உட்கார வைத்துப் போடுவாள். நாங்கள் சாப்பிடுவதை அவ்வளவு கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். தனக்கு மட்டும் வயிறு நிறைந்துவிட்டது என்பாள். வாசனையிலேயே நிறைந்துவிட்டதாம்.

அடுத்த போட்டி சின்னாளபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில். எடை போடுவதற்குத் தராசு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நானே கொண்டுபோனேன். எடை போட்டு முடித்ததும் திண்டுக்கல்லிலிருந்து அண்டாவில் வந்த பிரியாணியைத் திறந்தார்கள். பசியும் தாகமுமாகக் கிடந்த பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க வேண்டும். யாரும் பேசவில்லை. என் மருமகள் மட்டும் தன் இலையிலிருந்து கறித் துண்டுகளை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துவிட்டு, தயிர் வெங்காயத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

“வெங்காயத்த மட்டும் மேயுறா பாரு, ஆடு கணக்கா,” என்றாள் அணித்தலைவி.

“ஆடா இருந்தா நேரா அண்டாவுக்குள்ள போயிருக்கும்டி,” என்றாள் என் மருமகள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இலையை மடித்து எறிந்துவிட்டு வந்தாள். எடை போட்டாயிற்று, இனி அன்று அவளை யாரும் தராசில் ஏற்றப்போவதில்லை. அப்படியிருந்தும் அவள் சாப்பிடவில்லை. அப்போதுதான், இது ஐம்பத்தைந்து கிலோவைப் பற்றிய விஷயமே இல்லையோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அன்றைய ஆட்டத்தில் அவள் பாடிப் போனபோது ஒருத்தி மட்டும் கணுக்காலைப் பிடித்தாள். முன்பெல்லாம் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வருகிறவள், பிடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிப்பதாகச் சொன்னாள். சில வாரங்களாகவே வலி இருந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

எலும்பு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லிய விரிசல் என்றார். இந்த வயதில், விழாமல் மோதாமல் ஓடியதிலேயே எலும்பு விரிகிறது என்றால் வேறு எதையோ பார்க்க வேண்டும் என்று அதே ஆஸ்பத்திரியில் இருந்த பெண் மருத்துவரிடம் அனுப்பினார். உள்ளே என் மனைவி போனாள். நான் வெளியே இருந்தேன். என்ன நடந்தது என்று வீட்டுக்கு வந்து மனைவி சொன்னாள். மாதவிலக்கு நின்று மாதக்கணக்காகிவிட்டது. அவள் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. போட்டி நாளில் தொந்தரவு இல்லை என்று அணியில் மற்றவர்கள் பொறாமைப்பட்டார்களாம். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அப்படித்தான் நிற்கும், அது நல்ல அடையாளம் என்று யாரோ ஒரு சீனியர் சொல்லியிருக்கிறாள். உடம்புக்குத் தேவையான சாப்பாடு கிடைக்காதபோது முதலில் அதைத்தான் நிறுத்தும், அடுத்து எலும்புக்குக் கொடுப்பதைக் குறைக்கும் என்று மருத்துவர் விளக்கினாராம். கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வருமானம் குறைந்த வீட்டில் எதை முதலில் நிறுத்துவது என்று யோசிப்பதைப் போல உடம்பும் யோசிக்கிறது.

“அவள திட்டாதீங்க, அடம்னு நெனைக்காதீங்க, இது ஒரு நோய்னாங்க,” என்றாள் மனைவி. “எப்பருந்துன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் அழுதா.”

தொடங்கியது முந்தின வருஷத் திருவிழா ஒன்றில். காலை எடையில் அவள் நானூறு கிராம் கூடியிருந்தாள். செத்த நேரம் ஓடிவிட்டு வரச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறாள். பந்தலில் மைக் வைத்திருந்தவர், அவள் சட்டை நம்பரைச் சொல்லி வெயிட் ஓவர் என்று அறிவித்துவிட்டார். ஊரே கூடியிருந்த இடம். “பாப்பா காலைல ரெண்டு இட்லி சேத்து அமுக்கிருச்சு போல,” என்று சேர்த்துக்கொண்டாராம். அவருக்கு அது தமாஷ். அன்று அணி அவள் இல்லாமல் ஆடித் தோற்றது. இனி எந்தத் தராசும் தன்னை வெளியே அனுப்ப முடியாதபடி கொஞ்சம் இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். ஒரு கிலோ இடைவெளி இருந்தபோது அது போதாது என்று பட்டதாம். இரண்டு கிலோ வந்தபோது, அந்த இரண்டும் போய்விடுமோ என்று பயம் வந்ததாம்.

கேட்டபோது எனக்குப் பாதி புரிந்தது. கமிஷன் கடைக்காரர்கள் கழிவுக்கென்று மூட்டைக்கு ஒரு கிலோ தள்ளுவார்கள். அந்த மாதிரி ஒரு தள்ளுபடி. ஆனால் தள்ளுபடிக்குத் தள்ளுபடி, அதற்கும் ஒரு தள்ளுபடி என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் மூட்டையில் என்ன மிஞ்சும்? அந்த மறுபாதி இன்றும் எனக்குப் புரியவில்லை.

மருத்துவர் எங்களை மனநல மருத்துவர் ஒருவரிடமும் ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். ஆலோசகர் கலகலப்பான பெண்மணி. காந்திகிராமத்துப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். என்ன சாப்பிட வேண்டும், எந்த நேரத்தில் என்று எல்லாவற்றையும் அவளிடமே கேட்டுப் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“வீட்ல வெயிட் மெஷின் இருந்தா தூக்கி ஒளிச்சு வச்சிருங்க. அவ கண்ணுல படக் கூடாது.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “மேடம், இவரு தொழிலே அதுதான்.”

“ஓ. எத்தன இருக்கு?”

“இன்னைக்கு ஒம்பது,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். என் மருமகளும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு ஆலோசகர் யோசித்துச் சொன்னார். எல்லா டிஸ்ப்ளேக்களையும் அணைத்துவிட வேண்டும். வாரம் ஒரு தடவை, ஒரே தராசில், நான் அவளை எடை பார்த்து அவரிடம் போனில் சொல்ல வேண்டும். அவள் எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவளுக்கு எண்ணைச் சொல்லக் கூடாது. “ரெண்டு கிராம் கூடுனாலும் கொறஞ்சாலும் அவ மனசு அன்னைக்குப் பூரா அதுலயே நிக்கும். அந்தப் பாரத்த கொஞ்ச நாளைக்கு நீங்க தூக்குங்க.”

வாங்குகிறவர் கண்ணுக்கு எண் தெரிய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. தராசைத் திருப்பி வைத்து வியாபாரம் செய்கிறவனோடு சண்டை போட்டிருக்கிறேன். அதற்காகவே இரண்டு பக்கமும் எண் தெரிகிற மாதிரி டிஸ்ப்ளே வைத்துக் கொடுப்பேன். இப்போது அதில் ஒரு பக்கத்தைக் கறுப்பு டேப்பால் நானே ஒட்டினேன். கை அவ்வளவு எளிதாக வேலை செய்யவில்லை.

முதல் தடவை அவள் ஏறி நின்றாள். முகம் தெருவைப் பார்த்து. நான் எண்ணைப் பார்த்தேன். இறங்கித் திரும்பினாள்.

“கூடிருக்கு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே தாயி.”

“ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது மாமா. கூடிருக்கு. எனக்குத் தெரியும்.”

உண்மையில் அந்த வாரம் குறைந்திருந்தது. என் முகத்தில் இருந்த கவலையைத்தான் அவள் அப்படிப் படித்திருக்கிறாள். அதன் பிறகு எண்ணைப் பார்த்ததும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கப் பழகிக்கொண்டேன். “அந்தக் காத்தாடியத் தொடைக்கணும்” என்று ஏதாவது சொல்வேன். அவள் முறைத்துக்கொண்டே படி ஏறுவாள். அந்த எண்களை இங்கேயும் எழுதப் போவதில்லை. எதையும் கிராம் சுத்தமாக எழுதிப் பழகிய எனக்கு இது சிரமம்தான்.

மூவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் நாங்கள் தெருவில் குழி தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றியே பல நாள் பேசினோம். சில நாள் எழுந்து போய்விடுவாள். சில நாள் ஒரு இட்லியோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், கண்ணில் தண்ணீர் நிற்கும். இட்லிக்கு எதற்கு ஒரு மனுஷி பயப்பட வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்கக் கூடாது என்பதால் கேட்டதில்லை.

கொஞ்சம் தேறி வந்த சமயத்தில் அக்கா பார்க்க வந்தாள். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கட்டிக்கொண்டு வந்தவள், மகளைப் பார்த்ததும் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். “இப்பத்தாண்டி கன்னத்துல கொஞ்சம் சதை வச்சிருக்கு. இப்பத்தான் எம்புள்ள மாதிரி இருக்க.”

எங்கள் பக்கத்தில் ஆளைக் கண்டால் விசாரிப்பே அங்கேதான் தொடங்கும். இளைச்சுட்டியே, பெருத்துட்டியே, இரண்டில் ஒன்று. அதைச் சொல்லாவிட்டால் பாசம் இல்லை என்று நினைப்பார்கள். அக்கா சந்தோஷத்தில் சொன்னாள். அன்றைக்கும் மறுநாளும் என் மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆலோசகரிடம் சொன்னபோது, “நல்லாருக்கேன்னு சொல்றதும் உடம்பப் பத்திப் பேசுறதுதான். எதுவுமே சொல்ல வேணாம்னு சொல்லுங்க,” என்றார். அக்காவிடம் போனில் சொன்னேன்.

“அப்பறம் என்னத்தடா பேசுறது பெத்த புள்ளகிட்ட?”

“மழை பேஞ்சுச்சான்னு பேசு.”

“பேயலடா.”

“அதச் சொல்லு.”

அடுத்த தடவை வந்தபோது அக்கா வாயைத் திறந்து, மூடி, பிறகு மகளிடம் தென்னையில் விழுந்திருக்கும் வண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். மகளும் கேட்டாள். இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

எலும்பு கூடிவிட்டது, மெதுவாக ஆடத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில் கோச் கடைக்கு வந்தார். மாவட்டத் தேர்வு நெருங்கியிருந்தது. அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து படியில் நின்றாள்.

“படியெறங்க ஆரம்பிச்சுட்டியாத்தா, நல்லது,” என்றார். பிறகு என்னிடம், “அண்ணே, இப்ப எம்புட்டு இருக்கா?”

நான் வாரா வாரம் எண்ணைப் பார்க்கிறவன். அவள் படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத நான் சொல்ல மாட்டேன் தம்பி.”

“என்னண்ணே, தராசுக் கடையில நின்னுக்கிட்டு எட சொல்ல மாட்டேன்னா? அம்பத்தஞ்சுக்கு மேலயா கீழயா, அதையாவது சொல்லுங்க. ரெண்டு கிலோ இருந்தாலும் ரெண்டு நாள்ல எறக்கிரலாம். நான் பாத்துக்கிறேன்.”

“சொல்லக் கூடாதுன்னு ஏற்பாடு.”

“சரி, அவளையே ஏறச் சொல்லுங்க. நானே பாத்துக்கிறேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்று எங்களுக்கு முன்பே நினைத்தவர். இந்தத் தேர்வு போனால் அந்த வயதுப் பிரிவில் அடுத்தது கிடையாது என்பதை அவரும் அறிவார், அவளும் அறிவாள். நான் தராசின் சுவிட்சைப் போடவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் இறங்கி வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். டேப் ஒட்டிய டிஸ்ப்ளேயின் ஓரத்தை நகத்தால் நெருடினாள். கொஞ்சம் கிழித்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினாலே போதும். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“கோச்சண்ணே, நான் அம்பத்தஞ்சுல ஆடல.”

“பின்ன?”

“ஓப்பன்ல ஆடுறேன்.” எடைக் கணக்கே இல்லாத பிரிவு அது. யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

“ஓப்பன்ல பூரா யானைக மாதிரி ஆளுக. ஒன்ன ஒக்காந்தே அமுக்கிருவாளுக. சர்ட்டிபிகேட்டு?”

“தெரியலண்ணே. வேற பாக்கணும்.”

“நல்லா யோசிச்சியா?”

“யோசிக்கல. யோசிச்சா ஏறிப்புடுவேன்.”

கோச் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல மின்விசிறியைப் பார்த்தேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், திரும்பி வந்து, “ஓப்பன் டீம்ல காலு பிடிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். பாடிப் போறத விடு, பிடிக்கப் பழகு. திங்கக்கிழம கிரவுண்டுக்கு வா,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் மாடிக்குப் போனாள். பாத்ரூமில் வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அணித்தலைவியும் இன்னும் இருவரும் மாவட்ட அணிக்குத் தேர்வானார்கள். அன்று என் மருமகள் அவர்களுக்குப் போன் செய்து கத்திக் கூச்சல் போட்டுவிட்டு, வெட்கமே இல்லாமல் எங்கள் முன்னால் அழுதாள். போலீஸ் வேலைக்கு வேறு வழியில் எழுத முடியுமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாதவிலக்கு திரும்ப வந்துவிட்டது என்று மனைவி ஒருநாள் அடுப்படியில் நின்று, ஏதோ பரீட்சை ரிசல்ட் சொல்வதைப் போல என்னிடம் சொன்னாள். வாரா வாரம் அவள் இன்னமும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள். மனநல மருத்துவரிடம் போவதும் நிற்கவில்லை.

போன வாரம் நிலக்கோட்டைப் பக்கம் ஓப்பன் ஆட்டம். காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சாப்பிட வந்தாள். நானும் அவளும் மட்டும் உட்கார்ந்தோம். இத்தனை நாள் கேட்கக் கூடாது என்றிருந்ததை ஆலோசகர் இப்போது கேட்கலாம் என்று சொல்லியிருந்ததால் கேட்டேன்.

“தாயி, அந்தப் பயம் இப்ப போயிருச்சா?”

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். “முழுசாப் போகல மாமா. தட்டுல விழுகும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுருது. இது இம்புட்டு, அது அம்புட்டுன்னு. நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது.”

“அப்ப எப்படிச் சாப்பிடுற?”

“அது பாட்டுக்குப் போடட்டும்னு விட்டுட்டேன். கை அது பாட்டுக்கு எடுத்து வாயில வைக்குது.” சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சில நாளு கையும் கேக்காது. அன்னைக்கு அத்தையக் கூப்பிட்டுப் பக்கத்துல ஒக்கார வச்சுக்கிறேன்.”

மூன்றாவது தோசையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

சாயங்காலம் அணித்தலைவியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. தேர்வு பெற்றவள், சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள். எதிரணியிலிருந்து பாடி வந்த பெண் நிஜமாகவே பெரிய உருவம். என் மருமகள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். அந்தப் பெண் அவளைக் கட்டத்தின் பாதி தூரம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். மண் பறந்தது. மற்றவர்கள் வந்து மேலே விழுகிற வரைக்கும் இவள் பிடியை விடவில்லை.

“மாமா, புள்ள எந்திரிச்சிருச்சு, பயப்படாதீங்க,” என்று கீழே எழுதியிருந்தாள் அணித்தலைவி. நான் மனைவியைக் கூப்பிட்டு அதை மறுபடி போட்டுக் காட்டினேன்.